இசைத்தட்டில் அழையா ஒலிகள்

மனிதனுடைய செவி தெரிந்து கேட்கும் இயல்புடையது. சந்தை இரைச்சலின் நடுவே நின்று ஒருவர் மற்றொருவரோடு உரையாடும்போது, செவியானது தனக்கு வேண்டிய குரலை மட்டும் பற்றிக்கொண்டு ஏனைய ஒலிகளைப் புறத்தே ஒதுக்கிவிடுகிறது. ஒலிவாங்கிக்கு அந்த வித்தை தெரியாது. பாடகர் எடுத்த சுரமும், அச்சுரத்துக்கு முன்னர் அவர் இழுத்த மூச்சும், பின்னால் அமர்ந்திருப்பவரின் நாற்காலி முனகுவதும் அதற்கு ஒரே மதிப்புடையனவே. எதிரே நிகழ்ந்தது எதுவாயினும் அதனை அவ்வாறே எழுதிக்கொள்ளும் கணக்கப்பிள்ளை அது. இதனாலேயே, உலகம் முழுவதும் கொண்டாடப்பட்ட பொப் இசைத்தட்டுகள் பலவற்றுள், பாடலை ஆக்கியோர் எண்ணியிராத சிற்றொலிகள் புகுந்து, அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குடியிருந்து வருகின்றன.

இவ்வொலிகள் ஏன் அப்போதே நீக்கப்படவில்லை என்ற வினா எழுவது இயல்பு. அதற்கு விடை, அக்காலத்து ஒலிப்பதிவு முறையில் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் ஒரு பாடலைப் பதிவு செய்வதென்றால், பாடுவோரும் வாசிப்போரும் ஒரே அறையில் கூடி, ஒரே வேளையில் இசைப்பதுதான் வழக்கம். ஒருவர் பிழைவிட்டால் அனைவரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பின்னர், ஒலிநாடாவின் அகலத்தைப் பல தடங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தடத்திலும் வெவ்வேறு ஒலியைப் பதியும் முறை பரவியது. இலண்டன் அபே வீதியிலுள்ள ஈ.எம்.ஐ. கலையகத்தில் பீற்றில்ஸ் குழுவினர் நான்கு தட இயந்திரத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது 1963ஆம் ஆண்டு ஒக்டோபரிலேதான். நான்கு தடங்களும் நிரம்பிவிட்டால், அவற்றை ஒன்றாகக் கலந்து வேறொரு நாடாவின் ஒரு தடத்தில் ஏற்றி, எஞ்சிய தடங்களில் புதிய ஒலிகளைச் சேர்ப்பார்கள். அவ்வாறு கலந்தபின், முதற்பதிவில் இருந்த இருமலையோ கிறீச்சொலியையோ தனியே எடுத்தெறிய இயலாது. அது பாலோடு கலந்த நீர்.

இன்னொரு காரணமும் உண்டு. அது கருவியைச் சார்ந்ததன்று, மனத்தைச் சார்ந்தது. பத்து முறை பாடி, பதினோராவது முறை பாட்டுக்கு உயிர் வந்துவிட்டதென்றால், அந்தப் பதினோராவது பாட்டில் யாரோ இருமினார் என்பதற்காக அதனைக் கைவிட எவருக்கு மனம் வரும்?

இத்தகைய பிழைகளின் களஞ்சியம் என்று சொல்லத்தக்க இசைத்தட்டொன்று 1963ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் பதிவாயிற்று. ‘கிங்ஸ்மென்’ என்ற இளைஞர் குழுவினர் பாடிய ‘லூயி லூயி’ என்பதே அது. ரிச்சர்ட் பெரி என்பவர் இயற்றி 1957இல் வெளியிட்ட பாடல்; கடல் கடந்து தனக்காகக் காத்திருக்கும் காதலியைப் பற்றி மாலுமி ஒருவன் மதுக்கடைக்காரனிடம் சொல்வதாக அமைந்தது. கிங்ஸ்மென் குழுவின் பாடகர் ஜக் ஈலி பாடியபோது ஒலிவாங்கி அவர் தலைக்கு மேலே உயரத்தில் தொங்கியது. அவர் அண்ணாந்து நின்று கத்திப் பாடவேண்டியதாயிற்று. பற்களைத் திருத்துவதற்காக அவர் அணிந்திருந்த கம்பியும் சொற்களைக் குதறியது. கிற்றார் வாசிப்பு முடிந்ததும் அவர் அவசரப்பட்டு முன்கூட்டியே அடுத்த அடியை எடுத்துவிட்டார். பிழையை உணர்ந்து உடனே நிறுத்தினார். அந்த வெற்றிடத்தை ட்ரம் வாசித்தவர் ஓர் உருட்டு அடியால் மறைத்தார். கூர்ந்து கேட்பவர்க்கு இவை யாவும் இன்றும் தெளிவாகக் கேட்கும்.

சொற்கள் விளங்கவில்லை என்பதே பெரும் வில்லங்கமாயிற்று. விளங்காத சொற்களுக்குப் பின்னே ஆபாசம் ஒளிந்திருக்கிறது என்ற வதந்தி மாணவர்களிடையே பரவி, பெற்றோரின் முறைப்பாடு அமெரிக்க நீதித்துறை வரை சென்றது. நாட்டின் புலனாய்வு நிறுவனமாகிய எஃப்.பி.ஐ. 1964இலும் 1965இலும் இந்த இசைத்தட்டை ஆராய்ந்தது. வெவ்வேறு வேகங்களில் சுழற்றிக் கேட்டும், பாடியது என்னவென்று அறிய முடியவில்லை என்பதே அதன் முடிவாயிற்று. இதில் சுவை யாதெனில், ஆபாசம் உண்மையாகவே அதில் இருந்தது. ஆனால் பாட்டில் இல்லை. ஏறக்குறைய 54ஆம் விநாடியில், ட்ரம் வாசித்த லின் ஈஸ்டன், கைக்கோல் தவறிய எரிச்சலில் ஒரு வசைச்சொல்லை வாய்விட்டுச் சொல்லியிருந்தார். பாடகரின் சொற்களையே துருவிக்கொண்டிருந்த புலனாய்வாளர், பின்னாலிருந்து வந்த குரலைக் கவனிக்கவில்லை. தெரிந்து கேட்கும் செவியின் குறைபாட்டுக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

பீற்றில்ஸ் குழுவினரின் ஒலிப்பதிவுகளுள் இவ்வகையில் மிகவும் பெயர்பெற்றது ‘ஏ டே இன் த லைஃப்’ என்ற பாடல். 1967ஆம் ஆண்டு ஜனவரியில் அதன் பதிவைத் தொடங்கியபோது, பாட்டின் நடுவே 24 தாளக்கட்டுகளுக்கு என்ன செய்வதென்று ஜோன் லெனனும் போல் மக்கார்ட்னியும் முடிவு செய்திருக்கவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டு, குழுவின் உதவியாளர் மல் எவன்ஸ் என்பவரை ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணவைத்தார்கள். எண்ணி முடிந்ததற்கு அடையாளமாக ஓர் அலார மணிக்கூட்டை அடிக்கவிட்டார்கள். இவை கலையகத்தாருக்கான குறிப்புகள் மட்டுமே. ஆயினும் அவ்விடத்துக்கு அடுத்து வரும் மக்கார்ட்னியின் பகுதி ஒருவன் துயில் நீங்கி எழுவதைப் பற்றியதாக இருந்தபடியால், மணிக்கூட்டின் ஒலி கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அதனை அப்படியே விட்டுவைத்தார்கள். பெப்ரவரி 10ஆம் நாள் நாற்பது வாத்தியக்காரர்களைக் கொண்டு அந்த வெற்றிடம் நிரப்பப்பட்டது. எனினும் அவ்வாத்தியங்களின் முழக்கத்துக்கு அடியில் எவன்ஸ் எண்ணும் குரல் மங்கலாக இன்னும் கேட்கிறது.

அப்பாடலின் இறுதியில் வரும் பியானோ ஒலிதான் மேலும் கவனிக்கத்தக்கது. பெப்ரவரி 22ஆம் நாள் லெனன், மக்கார்ட்னி, ரிங்கோ ஸ்டார், எவன்ஸ் ஆகியோர் மூன்று பியானோக்களின் முன் கூடி, ஒரே கணத்தில் ஒரே சுரக்கூட்டை ஓங்கி அழுத்தினர். அனைவரும் ஒரே கணத்தில் அழுத்துவதற்கே ஒன்பது முறை முயல வேண்டியிருந்தது. தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் ஆர்மோனிய ஒலியையும் அதனோடு சேர்த்தார். அழுத்திய பியானோ ஒலி இயல்பாகத் தேய்ந்து போகும். அது தேயத் தேய, ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் நழுவுகட்டைகளை மெல்ல மெல்ல மேலே உயர்த்தினார். அதனாலேயே அச்சுரக்கூட்டு நாற்பது விநாடிக்கும் மேலாக நீடிக்கிறது. ஆனால் பியானோவுக்காக உயர்த்திய ஒலியளவு அறைக்கும் சேர்ந்தே உயர்ந்தது. இறுதி விநாடிகளில், மூச்சையடக்கி அசையாமல் இருக்க முயன்ற மனிதர்கள் நிறைந்த அந்த அறை, தானே பேசத் தொடங்கிவிடுகிறது: தாளொன்று சரசரக்கிறது, இருக்கை ஒன்று கிறீச்சிடுகிறது. அமைதிக்குள்ளே எவ்வளவு ஒலி இருக்கிறது என்பதை அளந்து காட்டும் பரிசோதனையாகவும் இதனைக் கொள்ளலாம்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த மற்றொன்று வானொலி நேயர்களுக்கு உரியது. செப்டெம்பர் 29ஆம் நாள் இரவு, ‘ஐ ஆம் த வோல்ரஸ்’ என்ற பாடலின் தடங்களைக் கலந்து இறுதி வடிவம் கொடுக்கும் வேலை அபே வீதியில் நடந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் வானொலியின் ஒலியைச் சேர்த்தால் நன்றாயிருக்கும் என்று லெனன் விரும்பினார். வானொலிப் பெட்டியொன்றைக் கலவை மேசையோடு இணைத்து, நிலையங்களைத் துழாவிக்கொண்டே போனார்கள். அகப்பட்டது பி.பி.சி.யின் மூன்றாவது நிகழ்ச்சிச் சேவை. அங்கே அப்போது ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகம் ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. ஜோன் கில்குட் லியராக நடித்த தயாரிப்பு. நான்காம் அங்கத்தில் ஒஸ்வால்ட் என்ற பாத்திரம் குத்துண்டு சாகும் கட்டம் அப்படியே பாடலின் முடிவுப் பகுதிக்குள் வந்து விழுந்தது. எழுதிவைத்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திராது. நாடகத்தில் நடித்தவர்கள் தாம் ஒரு பொப் பாடலில் பங்குகொள்கிறோம் என்பதை அவ்வேளை அறிந்திருக்க மாட்டார்கள்.

இதனால் பின்னர் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. அன்றிரவு செய்தது ஒற்றை வழி ஒலிக்கலவை. இரட்டை வழியில், அதாவது ஸ்டீரியோவில், அப்பாடலை மறுபடி கலக்க முற்பட்டபோது, வானொலி நாடகம் எந்தத் தடத்திலும் இல்லை. காற்றிலிருந்து நேரே கலவைக்குள் வந்து போய்விட்டது. நாடகம் இருக்கவேண்டுமாயின் ஒற்றை வழிக் கலவையையே பயன்படுத்தியாகவேண்டும். ஆகவே அவ்விசைத்தட்டின் ஸ்டீரியோ வடிவத்தில் பாதிவரை ஒலிகள் இடமும் வலமுமாகப் பிரிந்து கேட்டு, ஏறத்தாழ இரண்டு நிமிடம் சென்றபின் திடீரென ஒடுங்கி, செயற்கையான இரட்டைத்தன்மையோடு தொடர்கின்றன. தம் கருவியில் ஏதோ பழுது என்று எண்ணி இணைப்புக்கம்பிகளை அசைத்துப் பார்த்தவர்கள் பலர் இருந்திருப்பர்.

மனிதர் எவரும் எழுப்பாத ஒலிகளும் உண்டு. ஒலிநாடா சுருளாகச் சுற்றிவைக்கப்படும் பொருள். ஒரு சுற்றில் பதிந்துள்ள வலிய காந்தப் பதிவு, நாளடைவில் அதன்மேல் படிந்துள்ள அடுத்த சுற்றிலும் தன் நிழலை விழுத்திவிடும். அதனால் அமைதியான இடத்துக்குப் பின் திடீரெனக் குரல் எழும் பாடல்களில், குரல் வருவதற்குச் சற்று முன்னரே அதே குரல் ஆவிபோல மெல்லக் கேட்பதுண்டு. சுவடிக்கூடங்களில் நாடாவை முடிவுப்பகுதி வெளியே இருக்குமாறு சுற்றிவைப்பது இதற்காகவே. அப்போது நிழல் பெரும்பாலும் குரலுக்குப் பின்னால் விழுந்து, எதிரொலியோடு கலந்து மறைந்துபோகும். இசைத்தட்டிலும் இதுபோன்ற ஒன்று நிகழும். வலிய ஒலியைத் தாங்கிய பள்ளம் தன் பக்கத்துப் பள்ளத்தின் சுவரைச் சிறிது நெளித்துவிடுகிறது. நெடுந்தட்டின் சரியான வேகம் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றிலொரு பங்குமான சுற்றுகள் ஆகும். ஆகவே ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. தட்டில் ஆவிக்குரல் உண்மைக் குரலுக்குச் சரியாக 1.8 விநாடி முந்தி வருவதன் இரகசியம் இதுவே.

‘லெட் செப்பலின்’ குழுவினர் 1969இல் வெளியிட்ட ‘ஹோல் லொட்டா லவ்’ என்ற பாடலின் பிற்பகுதியில் இத்தகைய ஆவிக்குரல் ஒன்று மிகத் தெளிவாகக் கேட்கும். அதன் பிறப்பு வேறு: பாடகர் ரொபர்ட் பிளான்ட் முன்னர் பாடிய ஒரு பாட்டுக் குரல் அழியாமல் மற்றத் தடத்துக்குக் கசிந்திருந்தது. கட்டையை முழுவதும் இறக்கியும் அது போகவில்லை. ஒலிப்பதிவாளர் எடி கிரேமரும் குழுவின் தலைவர் ஜிம்மி பேஜும் அதனோடு போராடுவதை விடுத்து, அதன்மேல் எதிரொலியைத் தாராளமாக வார்த்து, வேண்டுமென்றே செய்ததுபோல் ஆக்கிவிட்டார்கள். பேய் ஓட்ட முடியாதவர்கள் அதற்குப் பூசை வைத்த கதைதான். எனினும் எல்லாப் பிழையும் இவ்வாறு அணியாக மாறிவிடுவதில்லை. அதே குழுவினர் 1970இல் வெளியிட்ட ‘சின்ஸ் ஐ’வ் பீன் லவிங் யூ’ என்ற பாடலில், ஜோன் பொனமின் பெரிய ட்ரம்மை இயக்கும் மிதிகட்டை, எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பிபோல ஒவ்வோர் அடிக்கும் கிறீச்சிடுகிறது. ஒருமுறை கேட்டுவிட்டால் பின்னர் அதைக் கேளாதிருக்க முடியாது. பிற்காலத்தில் பேஜ் அதனை நினைத்துச் சலித்துக்கொண்டதும் உண்டு.

பழுதே ஒரு வாத்தியமாகிய வரலாறு இவற்றையெல்லாம் விடப் பெரிது. 1951ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஐக் டேர்னரின் குழுவினர் ‘ரொக்கெட் 88’ என்ற பாடலைப் பதிவதற்காக மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்ஸ் நடத்திய கலையகத்துக்கு வந்தார்கள். வழியில் அவர்களது கிற்றார் ஒலிபெருக்கி சேதமடைந்திருந்தது. திருத்த நேரமின்றி அதன் கிழிந்த கூம்பினுள் தாளை அடைத்து வாசித்தபோது கரகரத்த ஒலி எழுந்தது. பிலிப்ஸ் அதனை விரும்பி முன்னிலைப்படுத்தினார். பத்தாண்டு சென்று, 1961இல் புகழ்பெற்ற மார்ட்டி ரொபின்ஸின் ‘டோன்ட் வொரி’ என்ற பாடலில் இது மீண்டும் நேர்ந்தது. நாஷ்வில் கலையகத்துக் கலவை மேசையின் ஒரு வழி பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த கிற்றார் வண்டு முரல்வதுபோல் பதிவாயிற்று. தட்டு வெளிவந்ததும் ஏனைய இசைஞர்கள் அவ்வொலியை வேண்டிக் கலையகத்தாரை மொய்த்தார்கள். பழுதான உறுப்போ அதற்குள் முற்றாகச் செயலிழந்துவிட்டது. ஆகவே ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடி, அப்பழுதைச் செயற்கையாக உண்டாக்கும் சிறு மின்கருவியொன்றை வகுத்தார். கிப்சன் நிறுவனம் 1962இல் அதனை ‘மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. வாங்குவார் அதிகம் இருக்கவில்லை. 1965இல் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ‘சாட்டிஸ்ஃபக்ஷன்’ என்ற பாடலில் அதனைப் பயன்படுத்தினார். அவர் கருத்தில் அது பின்னர் ஊதுகருவிகள் வாசிக்கவேண்டிய பகுதிக்கு இட்ட மாதிரி மட்டுமே. அந்த மாதிரியே வெளிவந்து உலகை வலம்வந்தது. கடைகளில் இருந்த கருவிகளும் விற்றுத் தீர்ந்தன. அப்பாடலைக் கூர்ந்து கேட்டால், ரிச்சர்ட்ஸ் அக்கருவியைக் காலால் மிதித்து முடுக்கும் ‘டிக்’ என்ற சத்தமும் கேட்கும். பழுதைப் பிறப்பிக்கும் பொறியின் ஆளியும் ஒரு பிழையாகப் பதிவாகியிருக்கிறது!

சிறு சிறு விருந்தாளிகளுக்குக் கணக்கில்லை. ‘பீச் போய்ஸ்’ குழுவினரின் ‘வெண்டி’ (1964) என்ற பாடலின் நடுவே ஒருவர் இருமுகிறார். அவர்களே 1966இல் வெளியிட்ட ‘பெட் சவுண்ட்ஸ்’ நெடுந்தட்டில் ‘ஹியர் டுடே’ என்ற பாடலின் வாத்தியப் பகுதிக்கு அடியில் சிலர் ஊர்க்கதை பேசுகிறார்கள். ‘மாமாஸ் அன்ட் பாப்பாஸ்’ குழுவின் டெனி டொகேர்டி, ‘ஐ சோ ஹேர் அகெய்ன்’ (1966) என்ற பாடலில் முன்கூட்டியே வாய்திறந்துவிட்டு மீண்டும் தொடங்குகிறார். தயாரிப்பாளர் லூ அட்லர் அதுவே நன்றென்று வைத்துக்கொண்டார். ‘பொலிஸ்’ குழுவின் ‘ரொக்சான்’ (1978) ஒரு பொருந்தாப் பியானோ ஒலியோடும் சிரிப்போடும் தொடங்குகிறது. மூடியிருக்கிறதென்று நினைத்துப் பியானோவின்மேல் பாடகர் ஸ்டிங் அமர்ந்ததன் விளைவு அது.

வேண்டி அழைத்த ஒலிகள் வேறு. பிரயன் வில்சன் தம் நாய்கள் குரைப்பதையும் புகையிரதம் விரைவதையும் ‘பெட் சவுண்ட்ஸ்’ தட்டின் முடிவில் சேர்த்தார். ஜோ மீக் இலண்டன் ஹொலவே வீதியில் தம் வீட்டுப் படிக்கட்டில் இசைஞர்களைக் கால்களால் மிதிக்கச் சொல்லி, அதனைத் தாளமாகப் பதிந்தார். இவை திட்டமிட்ட கலை. தற்செயலாக வந்தவற்றுக்கு உள்ள வசீகரம் இவற்றுக்கு இல்லை என்பது சிலருடைய கட்சி. அது முற்றிலும் நியாயமான கட்சி அன்று.

இவ்வளவும் இருந்தும், அக்காலத்து நேயர்களுள் பெரும்பாலோர் இவற்றைக் கேட்கவில்லை. அது அவர்களது செவியின் குற்றமன்று. மத்திய அலையில் ஒலிபரப்பாகும் இசையில், விநாடிக்கு ஏறக்குறைய 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட நுண்ணொலிகள் வானொலிப் பெட்டியை எட்டுவதில்லை. சிற்றலையில் கேட்டவர்களுக்கோ அலையின் ஏற்றத்தாழ்வும் இரைச்சலும் வேறு. கையடக்க டிரான்சிஸ்டர் பெட்டியின் சிறிய ஒலிபெருக்கி அடித்தொனிகளையும் விழுங்கிவிடும். இசைத்தட்டை வாங்கியவர்களிடமும் ஊசியின் உராய்வொலி மெல்லிய ஒலிகளை மூடிக்கொண்டது. உராய்வொலி இல்லாத குறுந்தட்டு 1982இல் வந்தபின்னரும், ஹெட்போன் அணிந்து கேட்கும் வழக்கம் பரவியபின்னருமே இந்தச் சிற்றொலிகள் பலருக்கு வெளிப்பட்டன. பீற்றில்ஸ் குழுவினரோ 1967இல் வெளிவந்த தம் ‘சார்ஜன்ட் பெப்பர்’ நெடுந்தட்டின் பிரித்தானியப் பதிப்பின் இறுதியில், விநாடிக்கு 15,000 அதிர்வுகள் கொண்ட சீழ்க்கை ஒலியொன்றை வேடிக்கைக்காக வைத்தார்கள். நாய்களுக்கும் இளம்பிராயத்தினருக்கும் அது கேட்கும். வயது ஏற ஏறச் செவி உயர்ந்த தொனிகளை இழந்துவிடுவதால், அன்று அதைக் கேட்டுத் துள்ளியவர்களே இன்று அதே தட்டில் மௌனத்தைக் கேட்கிறார்கள்.

இல்லாததைக் கேட்பதும் உண்டு. 1967இல் வெளிவந்த ‘ஸ்ட்ரோபெரி ஃபீல்ட்ஸ் ஃபோர் எவர்’ பாடலின் முடிவில் லெனன் மெதுவாக ஏதோ முணுமுணுக்கிறார். 1969ஆம் ஆண்டு ஒக்டோபரில், மக்கார்ட்னி இறந்துவிட்டார் என்ற வதந்தி அமெரிக்க வானொலி நிலையமொன்றின் மூலம் பரவியபோது, அம்முணுமுணுப்பில் மக்கார்ட்னியைப் புதைத்த செய்தி இருப்பதாக ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள். லெனன் உண்மையில் சொன்னது ஒருவகைப் பழக்கூழின் பெயர். மக்கார்ட்னி அப்போது நலமாகவே இருந்தார்.

இந்தச் சிற்றொலிகளுள் ஒன்றின் பின்னணி மட்டும் நகைப்புக்குரியதன்று. ஓட்டிஸ் ரெடிங் என்ற கறுப்பினப் பாடகர் 1967 நவம்பரில் மெம்பிஸ் நகரின் ஸ்டக்ஸ் கலையகத்தில் ‘டொக் ஒஃப் த பே’ என்ற பாடலைப் பதிந்தார். தம் பாடல்களின் இறுதியில் மனம்போனபடி சொற்களை அடுக்கிப் பாடி முடிப்பது அவர் வழக்கம். இந்தப் பாட்டுக்கு அவ்வேளை சொற்கள் வரவில்லை. ஆகவே சீட்டியடித்து முடித்தார். டிசெம்பர் தொடக்கத்தில் மேலும் சில வேலைகள் செய்தார். 10ஆம் நாள் விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகர் அருகே, அவர் சென்ற விமானம் மொனோனா ஏரியில் வீழ்ந்தது. அவருக்கு வயது 26. கிற்றார் வாசித்தவரும் பாடலை அவரோடு சேர்ந்து இயற்றியவருமான ஸ்டீவ் குரொப்பர், துயரத்தின் நடுவே அமர்ந்து, அலையொலியையும் கடற்பறவைகளின் ஒலியையும் சேர்த்து அதனை முடித்தார். 1968 ஜனவரியில் வெளிவந்த அத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பாடகர் மறைந்தபின் அவ்விடத்தை எட்டிய முதல் தட்டு அதுவே. சொற்கள் கிட்டாமையால் இட்ட அந்தச் சீட்டியை அழித்துச் சொற்களைப் பாட எவரும் எஞ்சியிருக்கவில்லை. இன்று அதில்லாமல் அப்பாட்டை எண்ணிப்பார்க்கவும் முடியாது.

பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைப் பற்றிப் புலவர்கள் சொல்வார்கள். ஒலியுலகில் அத்தகைய அன்னம் இப்போது வந்துவிட்டது. கணினிக்குப் பல்வேறு ஒலிகளின் தன்மைகளைப் பயிற்றி, ஒன்றாய்க் கலந்த ஒலிப்பதிவிலிருந்து குரலை வேறாகவும், கிற்றாரை வேறாகவும், ட்ரம்மை வேறாகவும் பிரித்தெடுக்கிறார்கள். ஜோர்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின், பீற்றில்ஸ் குழுவின் 1966ஆம் ஆண்டு நெடுந்தட்டாகிய ‘ரிவோல்வர்’ என்பதை 2022இல் இம்முறையாற் புதிதாகக் கலந்து வெளியிட்டார். இனி இருமலை நீக்கலாம். மிதிகட்டைக்கு எண்ணெய் இடலாம். எவன்ஸ் எண்ணுவதை நிறுத்தலாம். முடியாது என்ற காலம் போய், வேண்டுமா என்ற காலம் வந்திருக்கிறது. பழைய ஓவியத்தின்மேல் படிந்த தூசியைத் துடைப்பது போலவே இதுவும் என்று வாதிப்போர் உளர். தூசி பின்னர் வந்து படிந்தது. இருமலோ பாட்டோடு அதே அறையில், அதே கணத்தில் பிறந்தது. நாடாவின் இரைச்சலைக் குறைப்பதற்கும் மனிதர் அங்கிருந்த அடையாளத்தை அகற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை, எதையும் அழிக்கவல்ல கருவி தானாக அறிந்துகொள்ளாது. ஒலிவாங்கியைப் போலவே அதுவும் தரம் பிரிக்கத் தெரியாதது. தெரிந்து கேட்கும் செவியொன்று அதன் அருகே இருக்கவேண்டும்.

அவ்வாறு தெரிந்து செய்ததற்கு எடுத்துக்காட்டு 2023 நவம்பரில் வெளிவந்த ‘நௌ அன்ட் தென்’ என்ற பாடல். 1970களின் பிற்பகுதியில் லெனன் நியூயோர்க்கில் தம் வீட்டிலிருந்து பியானோ வாசித்துப் பாடி, கசெட் நாடாவொன்றில் பதிந்தது அது. 1980இல் அவர் கொலையுண்டார். 1995இல் மற்ற மூவரும் அதனை முழுமையாக்க முயன்றனர். பியானோ அவர் குரலை மூடியிருந்தது. மின்சாரக் கம்பியிலிருந்து வந்த ரீங்காரமும் நாடா முழுவதும் படர்ந்திருந்தது. முயற்சியைக் கைவிட்டார்கள். 2001இல் ஜோர்ஜ் ஹரிசனும் மறைந்தார். பின்னர் வந்த புதிய முறை குரலைப் பியானோவிலிருந்தும் ரீங்காரத்திலிருந்தும் பிரித்தெடுத்துத் தெளிவாகத் தந்தது. ஹரிசன் 1995இல் வாசித்த கிற்றாரும் அதில் இடம்பெற்றது. மக்கார்ட்னியும் ஸ்டாரும் எஞ்சியதை வாசித்தார்கள். ரீங்காரம் போய்விட்டது. ஆனால் பாட்டின் தொடக்கத்தில், ஏனையோர் சேர்ந்து எடுப்பதற்காக மக்கார்ட்னி ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணும் குரலை மட்டும் அவர்கள் நீக்கவில்லை.